நீலகிரியின் மந்துகளும் பாடிகளும்

நீலகிரி மாவட்டத்தில் பழங்குடிகளின் ஊர் ஒரே அச்சில் அமைந்ததல்ல. உதகையைச் சுற்றிய மேட்டுப் புல்வெளியில் தோடர் வாழும் இடம் மந்து. கைவினைஞர்களான கோத்தரின் ஊர் கோக்கால். மேற்கே கேரளத்தின் வயநாட்டை நோக்கித் தாழ்ந்து செல்லும் கூடலூர், பந்தலூர் வட்டங்களில் பணியர் வாழ்வது பாடி, முள்ளுக்குறும்பர் வாழ்வது குடி. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களைத் தமிழ்நாட்டின் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக ஒன்றிய அரசு வகைப்படுத்தியிருக்கிறது. ஆறு சமூகத்தாரும் இந்த ஒரே மாவட்டத்தில் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. அதில் பழங்குடியினர் ஏறத்தாழ 33,000 பேர். நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு.

இந்த ஊர்களின் பழமைக்கு எழுத்துச் சான்று உண்டு. போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புனிசன் தோடரை அச்சுறுத்தியதாக 1117ஆம் ஆண்டின் கல்வெட்டு ஒன்று சாமராஜநகரில் இருக்கிறது. 1603இல் ஃபினிசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் மலபாரிலிருந்து மலையேறி வந்து, தோடரையும் உழவர்களான படகரையும் நேரில் பார்த்து எழுதினார். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலைக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே மேய்ச்சலும் உழவும் உலைக்களமும் பண்டமாற்றும் ஒன்றோடொன்று பிணைந்த ஒரு வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது. ஆளில்லா மலையை ஆங்கிலேயர் கண்டுபிடித்தார்கள் என்று சுற்றுலாக் கையேடுகள் இன்றும் எழுதுவது தவறு.

மந்து சிறியது. பெரும்பாலும் ஐந்தாறு வீடுகளுக்கு மேல் இருப்பதில்லை. பழைய தோடர் வீடு பாதியாக அறுத்த பீப்பாயைக் கவிழ்த்தது போன்ற உருவம் கொண்டது. மூங்கிலை வளைத்துப் பிரம்பால் கட்டி அதன்மேல் புல் வேய்வார்கள். சுமார் 10 அடி உயரம், 18 அடி நீளம், 9 அடி அகலம். வாசல் மூன்றடி உயரம்தான், தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். குளிர்காற்றும் காட்டு விலங்கும் நுழையாமலிருக்க அந்த அளவு போதுமானதாக இருந்தது. வீடுகளுக்குச் சற்றுத் தள்ளிக் கற்சுவர் சூழ்ந்த வட்டமான எருமைப் பட்டி. அதற்கும் அப்பால், பால் கடைந்து வெண்ணெய் எடுக்கும் கோயில். தோடருக்குக் கோயிலும் பால் கடையும் இடமும் ஒன்றே. அதற்கெனத் தீட்சை பெற்ற ஆண் மட்டுமே உள்ளே போகலாம், பெண்கள் அதன் எல்லையை நெருங்குவதில்லை.

நீரிலும் இந்தப் பிரிவினை உண்டு. 1901-02இல் தோடரிடையே தங்கி ஆராய்ந்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், மந்தின் ஓடை இரண்டாகப் பகுக்கப்பட்டிருப்பதை விரிவாகப் பதிவு செய்தார். மேற்பகுதி நீர் கோயிலுக்கு, கீழ்ப்பகுதி நீர் வீட்டுக்கு. ஆகவே ஓடையில்லாத இடத்தில் மந்து அமையாது. புல்லில்லாத இடத்திலும் அமையாது. கோடையில் புல் காய்ந்தால் எருமைகளோடு வேறொரு மந்துக்குப் பெயர்வதும் மழைக்குப் பின் திரும்புவதும் வழக்கம். அதனால் ஒரே குலத்துக்குப் பல மந்துகள் இருந்தன. ஆண்டின் சில மாதங்கள் ஆளில்லாமல் கிடந்த மந்தைப் புறம்போக்கு என்று எண்ணிய அதிகாரிகள், மேய்ச்சலின் சுழற்சியைப் புரிந்துகொள்ளவில்லை.

தோடர் ஊர்களுள் முதன்மையானது உதகைக்கு அருகிலுள்ள முத்தநாடு மந்து. அங்குள்ள மூன்போ கோயில் மற்றப் பாற்கோயில்களைப் போல வளைந்த கூரை கொண்டதல்ல, கூம்பாக உயர்ந்து நிற்பது. ஆண்டுதோறும் டிசம்பர், ஜனவரி வாக்கில் மொற்பர்த் திருவிழாவுக்குத் தோடர் ஆண்கள் எல்லா மந்துகளிலிருந்தும் இங்கே கூடுகிறார்கள். பூத்தையல் போட்ட வெள்ளைப் போர்வையுடன் கைகோத்து வட்டமாக ஆடுவதும் உருண்டைக் கல்லைத் தோளுக்குமேல் தூக்கி வலிமை காட்டுவதும் அன்றைய நிகழ்ச்சிகள். 1848இல் தொடங்கப்பட்ட உதகை தாவரவியல் பூங்காவின் மேட்டிலும் ஒரு மந்து உண்டு. பூங்காவுக்கு வருவோர் அதையும் ஒரு காட்சிப்பொருள் போலப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பூங்காவுக்கு முன்பே அங்கே இருந்த ஊர் அது.

சல்லிவன் தோடரின் நில உரிமையை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வாதாடியவர். கிழக்கிந்தியக் கும்பினியின் இயக்குநர்கள் 1843இல் அதை மறுத்து, தோடருக்கு இருப்பது மேய்ச்சல் உரிமை மட்டுமே என்று முடிவு செய்தார்கள். மந்தைச் சுற்றி ஓர் அளவு நிலம் மட்டும் ஒதுக்கப்பட்டது. மிச்சப் புல்வெளியில் சீகை மரமும் தைல மரமும் நடப்பட்டன, பிறகு தேயிலையும் உருளைக்கிழங்கும் வந்தன. புல்வெளி சுருங்கியதால் எருமை குறைந்தது, கூரை வேயும் புல்லும் அரிதாயிற்று. பெரும்பாலான தோடர் குடும்பங்கள் இன்று கல்வீட்டிலும் கான்கிரீட் வீட்டிலும் வாழ்கின்றன. பழைய வடிவத்தை விடாமல் காப்பது கோயில்களே. 2011இல் தோடரின் தொகை 2,002.

கோத்தரின் ஊர் வேறு மாதிரி. நீலகிரி முழுவதிலும் ஏழே கோத்தர் ஊர்கள்தான் உண்டு. வீடுகள் வரிசையாக நெருங்கி நிற்கும். அந்த வரிசைக்குக் கேரி என்று பெயர். ஓர் ஊரில் பொதுவாக மூன்று கேரிகள், ஒரே கேரிக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. இரும்படிப்பு, பொன்வேலை, தச்சு, பானை வனைதல், குழலும் முழவும் இசைத்தல் எல்லாம் இந்த ஏழு ஊர்க்காரர்களின் கையில் இருந்தன. மண் எடுத்துப் பானை செய்தவர்கள் பெண்கள். படகரின் கலப்பை முனையும் தோடரின் சடங்குக்கான இசையும் கோத்தரிடமிருந்து போயின. பதிலுக்குப் படகரிடமிருந்து தானியமும் தோடரிடமிருந்து நெய்யும் எருமையும் வந்தன. ஏழில் ஆறு ஊர்கள் மேட்டுநிலத்தில் இருக்க, ஒன்று மட்டும் கூடலூரை ஒட்டிக் கீழே இருக்கிறது. அந்த ஊர்க் கைவினைஞர்கள் கூடலூர்ப் பக்கத்து உழவர்களுக்கும் வேலை செய்து கொடுத்தார்கள். கடைச் சரக்கும் பணப்புழக்கமும் பெருகியபோது இந்தக் கொடுக்கல்வாங்கல் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அறுந்துபோயிற்று. ஆனால் ஏழு ஊர்களும் இருக்கின்றன, கம்பட்டராயர் திருவிழாவும் ஊர்தோறும் நடக்கிறது.

கிழக்குச் சரிவில் குறும்பருள் ஒரு பிரிவினரான ஆலுக்குறும்பரும் இருளரும் காட்டுக்குள் சிறு சிறு ஊர்களாக வாழ்கிறார்கள். கோத்தகிரிப் பக்கத்து வெள்ளரிக்கொம்பையில் பழங்காலப் பாறை ஓவியங்கள் உள்ளன. அங்குள்ள குறும்பர் இன்றும் ஓவியம் தீட்டுகிறார்கள்.

உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கும்போது மலை 1,000 மீட்டருக்கு மேல் சரிகிறது. நிலமும் மாறிவிடுகிறது. புல்மேடும் சோலையும் போய், மூங்கிற்காடும் சிறு குன்றுகளும் குன்றுகளுக்கிடையே சதுப்பான நெல்வயல்களும் வரும். பந்தலூரைத் தாண்டி, கேரள எல்லையில் சோலாடி சோதனைச்சாவடிக்கு முன்னால் இருப்பது சேரம்பாடி. சேரங்கோடு ஊராட்சியைச் சேர்ந்த இப்பகுதி 19ஆம் நூற்றாண்டில் மலபார் மாவட்டத்து வயநாட்டின் பகுதியாக இருந்தது. நம்பலக்கோடு, முன்னனாடு, சேரங்கோடு என்ற மூன்று அம்சங்கள் (வருவாய்ப் பிரிவுகள்) 1877இல் நீலகிரியோடு சேர்க்கப்பட்டன. அதனால்தான் இங்குள்ள பழங்குடிகளின் உறவும் தெய்வமும் பேச்சும் உதகையைக் காட்டிலும் வயநாட்டின் சுல்தான் பத்தேரி, மானந்தவாடிப் பக்கம் நெருங்கியிருக்கின்றன.

இந்தப் பக்கத்துப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் அதிகமானவர்கள் பணியர். தமிழ்நாட்டில் அவர்கள் சுமார் 10,000 பேர். பணியரின் பாடி நெல்வயலின் ஓரத்தில், சற்று மேடான இடத்தில் அமையும். ஐந்து முதல் பதினைந்து வீடுகள் வரை இருக்கும். மூங்கிலைப் பிளந்து பின்னிய தட்டியின்மேல் மண் பூசிய சுவர், வைக்கோலோ புல்லோ வேய்ந்த கூரை. வயலுக்கு அருகே பாடி அமைந்ததற்குக் காரணம் உண்டு: வயல் நிலக்கிழாருடையது, பாடியும் அவர் நிலத்திலேதான் நின்றது. நிலத்தை விற்றபோது அதில் வாழ்ந்த பணியரும் கைமாறிய காலம் இருந்தது. 1843இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகும் கட்டுவேலை நீடித்தது. மானந்தவாடிக்கு அருகே வள்ளியூர்க்காவு பகவதி கோயிலில் மீன மாதத் திருவிழா நடக்கும்போது, நிலக்கிழார் ஒரு சிறுதொகையை முன்பணமாகக் கொடுத்துப் பணியக் குடும்பத்தை ஓராண்டுக்குப் பிடித்துக்கொள்வார். அதற்கு நில்ப்புப் பணம் என்று பெயர். தெய்வத்தின் முன் வாங்கிய பணம் என்பதால் மீறத் துணிய மாட்டார்கள். கூலி நெல்லாகத் தரப்பட்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல்தான்.

இத்தனை கொடுமைக்குள்ளும் பாடி ஒரு முழுச் சமூகமாக நின்றது. வழக்குகளைத் தீர்க்க மூப்பர் இருந்தார்கள், சடங்குக்குப் பூசாரி இருந்தார். துடியும் குழலும் முழங்கப் பெண்கள் வட்டமிட்டு ஆடினார்கள். குளியனும் காட்டு பகவதியும் பாடியின் தெய்வங்கள். ஐப்பசியில் கூடலூரை அடுத்த புத்தூர்வயலில் நடக்கும் பூப்புத்தரி விழாவில் முதல் கதிரை அறுக்கும் சடங்கில் பணியர், குறும்பர், மவுண்டாடன் செட்டியார் எல்லாருக்கும் பங்கு உண்டு. அந்தக் கதிர்கள் நம்பலக்கோட்டை வேட்டைக்கொருமகன் கோயிலுக்குப் போகின்றன. வயல் யாருடையதாயினும் கதிரில் தங்கள் உரிமையைப் பணியர் விட்டுக்கொடுக்கவில்லை.

முள்ளுக்குறும்பரின் நிலை வேறு. அவர்கள் வேட்டையாடிகள், அதோடு சொந்த நிலம் வைத்துப் பயிரிட்டவர்கள். அவர்களின் குடியில் நடுநாயகமாக இருப்பது தெய்வப்புரை என்னும் தெய்வ வீடு. அதைச் சுற்றி நெருக்கமாக, மெழுகித் துப்புரவாக வைத்த வீடுகள் அமையும். வில்லும் அம்பும் வேட்டைக்கருவி என்பதோடு நிற்காமல் சடங்குப் பொருளாகவும் இருக்கின்றன. எருமாடு, கப்பாலா பகுதிகளில் இத்தகைய குடிகள் உள்ளன. குறும்பருள் மற்றொரு பிரிவினரான பெட்டக்குறும்பர் முதுமலைக் காட்டையும் அதன் விளிம்பையும் ஒட்டி வாழ்பவர்கள். தெப்பக்காடு யானை முகாமில் மாவுத்தர்களாகவும் காவடிகளாகவும் தலைமுறைகளாக வேலை செய்பவர்களில் பலர் அவர்களே.

காட்டுநாயக்கரின் குடியிருப்பு எல்லாவற்றிலும் சிறியது. நாலைந்து குடும்பங்கள், மூங்கிலும் இலையும் கொண்டு சில நாட்களில் கட்டிவிடும் குடிசைகள். தேனும் கிழங்கும் காட்டுப்பொருளும் கிடைக்கும் இடம் மாறினால் குடிசையும் மாறும். உறைவிடம் எளிதில் பெயரக்கூடியது என்பதால் அவர்களுக்கு ஊரே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எந்த மரத்தில் தேன் எடுப்பது யார், எந்த ஓடையோரம் யாருடைய முன்னோர் உறைகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் திட்டமாகத் தெரியும். 1970களின் இறுதியில் இவர்களோடு வாழ்ந்து ஆராய்ந்த நுரித் பேர்ட்-டேவிட், காட்டையும் முன்னோரையும் மனிதரையும் ஒரே உறவு வட்டத்துக்குள் வைத்து வாழும் மக்களாக இவர்களை விவரிக்கிறார்.

குடிசையின் எளிமையைப் பார்த்து ஊரின் உரிமையை மறுப்பது இந்த மலைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கலூசா மக்கள் உழவின்றி மீன்பிடிப்பையே பெரிதும் நம்பி, சிப்பி ஓடுகளைக் குவித்து எழுப்பிய மேடுகள்மேல் பெரிய ஊர்களைக் கட்டினார்கள். வடக்கே திமுக்குவா மக்கள் பனையோலை வேய்ந்த வட்ட வீடுகளில் வாழ்ந்து சோளம் பயிரிட்டார்கள். ஸ்பானியர் வந்தபின் நோயும் அடிமை வேட்டையும் இரு சமூகங்களையும் அழித்தன. 1763இல் ஸ்பெயின் ஃபுளோரிடாவைப் பிரிட்டனிடம் ஒப்படைத்தபோது எஞ்சிய சிலர் கியூபாவுக்குக் கப்பலேறினார்கள். அந்த ஊர்கள் இன்று தொல்லியல் மேடுகள். அவர்களுக்குப் பின் அங்கே உருவான செமினோல் மக்கள் அமெரிக்கப் படையோடு மூன்று போர்கள் நடத்திச் சதுப்புக்காட்டுக்குள் பின்வாங்கினார்கள். சுவரில்லாமல் தூண்மேல் தளம் போட்டு ஓலை வேய்ந்த அவர்களின் சிக்கீ என்னும் வீடு, சதுப்புநிலத்துக்கும் அடிக்கடி இடம்பெயரும் வாழ்வுக்கும் ஏற்றது. இடம்பெயரும் வாழ்வுக்கு ஏற்றதாக இருப்பதில் காட்டுநாயக்கரின் குடிசையும் அதைப் போன்றதே. நீலகிரியில் ஊர்கள் அழியவில்லை, ஆனால் அவற்றைச் சூழ்ந்திருந்த நிலம் கைமாறிப் போயிற்று.

கூடலூர், பந்தலூர் நிலத்தின் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகம் என்னும் அரச குடும்பத்தின் ஜன்மமாக, அதாவது பரம்பரை உடைமையாக, இருந்தது. கோவிலகம் அதைத் தோட்டக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டது. முதலில் காப்பி வந்தது. 1880ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் தேவாலாவிலும் பந்தலூரிலும் தங்கவேட்டை கிளம்பி, இங்கிலாந்தில் கம்பெனிகள் முளைத்து, வந்த வேகத்திலேயே ஓய்ந்தது. அந்த மண்ணில் தங்கத்துகளை அரித்தெடுக்கும் வேலை உள்ளூர்ப் பழங்குடிகளுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே தெரிந்ததுதான். பிறகு தேயிலை குன்றுகளை மூடியது. பாடிகள் எஸ்டேட்டுகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டன. பாடிக்குப் போகும் வழி, சுடுகாடு, தெய்வம் உறையும் மரம் எல்லாம் எஸ்டேட் எல்லைக்குள் அகப்பட்டன.

1964இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்த் தொழிலாளருக்கு வேலை தருவதற்காக 1968இல் அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கி, 1976இல் அவற்றை நடத்த டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) நிறுவனத்தை அமைத்தது. சேரம்பாடி அதன் தோட்டப் பிரிவுகளுள் ஒன்று. இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்கள் இங்கே லைன் வீடுகளில் குடியேறினார்கள். கேரளத்திலிருந்தும் சமவெளியிலிருந்தும் வந்தவர்கள் இடம் பிடித்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், வேறு போக்கிடம் இல்லாதவர்கள். அவர்கள்மேல் பழி சொல்ல இயலாது. ஆனால் இரண்டு தலைமுறைக்குள் பழங்குடியினர் தம் மண்ணிலேயே சிறுபான்மை ஆனார்கள் என்பது நடந்த உண்மை.

ஜன்ம முறையை ஒழிக்கத் தமிழக அரசு 1969இல் கூடலூர் ஜன்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. அது தொட்ட பரப்பு சுமார் 80,000 ஏக்கர். சட்டத்தை எதிர்த்துத் தோட்ட நிறுவனங்கள் தொடுத்த வழக்கு நீண்டு வளர்ந்து, 2007இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வழங்கிய கொயெலோ தீர்ப்புக்கு இட்டுச்சென்றது. அரசியல் சாசனத்தின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த சட்டங்களையும் நீதிமன்றம் ஆராயலாம் என்பது அதன் சாரம். கோவிலகக் குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு கூடலூர்க் காடுகள் அழிவதைத் தடுக்கக் கோரி 1995இல் தொடுத்த வழக்கு, இந்தியா முழுவதற்குமான காட்டுச் சட்டத்தையே மாற்றி அமைத்தது. ஒரு சிறு மலைவட்டாரத்தின் நிலத்தகராறு நாட்டின் சட்ட வரலாற்றில் இருமுறை திருப்பம் உண்டாக்கியிருக்கிறது. இரண்டிலும் எதிரெதிரே நின்றவர்கள் நிலமுடையவர்களும் அரசும். பாடிகளில் வாழ்ந்தவர்களின் கேள்வி அந்த வழக்குகளின் மையமாக இருக்கவில்லை.

அந்தக் கேள்வியை அவர்களே எழுப்பினார்கள். 1980களின் நடுவில் கூடலூரில் அக்கார்டு என்ற தொண்டு நிறுவனம் தொடங்கியது. அதன் துணையோடு ஊர் ஊராகச் சங்கங்கள் கூடி ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் பிறந்தது. 1988 டிசம்பர் 5 அன்று பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என ஐந்து சமூகத்தாரும் ஆயிரக்கணக்கில் கூடலூர்த் தெருவில் ஊர்வலம் போனார்கள். அதுவரை நிலக்கிழாரின் முன்னால் நிமிர்ந்து நிற்கத் தயங்கிய பணியர் தலைநிமிர்ந்து நடந்த நாள் அது. கைவிட்டுப்போன நிலத்தில் பல குடும்பங்கள் மீண்டும் இறங்கித் தேயிலை நட்டன, நிரந்தரப் பயிர் இருந்தால் நிலத்தைப் பறிப்பது கடினம் என்று கண்டுகொண்டு. 1990இல் கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. பாடிகளில் பரவலாக இருக்கும் அரிவாள் செல் சோகை நோயைக் கண்டறிந்து தொடர்ந்து மருத்துவம் பார்க்கும் பணியை அது செய்துவருகிறது.

2006இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை இயற்றியது. அதன் பிரிவு 3(1)(இ) நலிவுற்ற பழங்குடிகளுக்கு வீட்டுமனையோடு நின்றுவிடாமல் வாழிட உரிமையையும் தருகிறது. ஓடை, மேய்ச்சல், தேன்மரம், சுடுகாடு, தெய்வ இடம் எல்லாம் அதற்குள் அடங்கும். பிரிவு 3(1)(எச்) காட்டுக்குள் இருக்கும் அளவெடுக்கப்படாத ஊர்களை வருவாய் ஊர்களாக மாற்ற வழிசெய்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் இச்சட்டப்படி பட்டா வழங்குவது பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. 2016இல் தடை நீங்கியது.

மந்து, கோக்கால், குடி, பாடி ஆகியவற்றின் எல்லை வீட்டுச் சுவரோடு முடிவதில்லை என்பதைச் சட்டம் இப்போது ஏற்றுக்கொண்டிருக்கிறது. பந்தலூர் வட்டத்தின் கிராம சபைகளும் வருவாய்த்துறையும் வனத்துறையும் சேர்ந்து ஒவ்வொரு பாடியையும் அதன் சொந்தப் பெயரோடும் முழு எல்லையோடும் அளந்து பதிவுசெய்ய வேண்டும். அதன் வழி, வயல், சுடுகாடு, காவு எதுவும் விடுபடக் கூடாது. எல்லை எங்கே என்று காட்டித்தரத் தெரிந்த முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே இந்த வேலை முடிய வேண்டும்.